ஒரே வரி, 412 கோப்புகள்

போன மாதம் தாராவியிலிருந்து ஒரு போன். பேசியவருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். "அக்கா, 2004ல எங்க தாத்தாவ நீங்க பேட்டி எடுத்தீங்களாமே. அம்மா சொன்னாங்க. அது முழுசா உங்ககிட்ட இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எங்கே இருக்கும் என்ற கேள்வி போனை வைத்த பிறகுதான் வந்தது.

தோல் பதனிடும் தொழில் தாராவியை விட்டுப் போய்க்கொண்டிருப்பதைப் பற்றி அப்போது ஒரு கட்டுரை எழுதினேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தப் பட்டறைகளில் ஆயுளைக் கழித்த ஒன்பது பெரியவர்களிடம் பேசினேன். அச்சில் வந்தது இரண்டு பக்கம். இந்தத் தாத்தாவுக்கு அதில் கிடைத்தது மூன்று வாக்கியம். கேசட் வாங்கக் கணக்குப் பார்த்த காலம் அது. அதே நாடாவில் அடுத்த பேட்டியைப் பதிந்துவிட்டேன். ஓட்டி ஓட்டிக் கேட்டு டைப் செய்த பிரதி மட்டும் ஏதோ ஒரு சிடியில் இருந்தது. தாத்தா 2011இல் காலமாகிவிட்டார்.

தம்பிக்கு இப்போது ஏன் அது ஞாபகம் வந்தது என்று கேட்டேன். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா? அவர்கள் வீட்டுக்கும் வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பே வீடு இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்குரிய காகிதங்களெல்லாம் அவர்களிடம் உண்டு. ஒரு பேட்டியை எந்த அதிகாரியும் ஆதாரமாக ஏற்கமாட்டார் என்பது தம்பிக்கும் தெரியும். ஆனால் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் காகிதம் தேடியபோது தாத்தாவைப் பற்றி அம்மா பேச ஆரம்பித்திருக்கிறார். எந்த வருடம் வந்தார், முதலில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார் என்ற கேள்விகளுக்கு ஆளுக்கு ஒரு பதில். அப்போதுதான் 'ஒரு பத்திரிகைக்கார அக்கா வந்து எழுதிக்கிட்டுப் போச்சே' என்று ஞாபகம் வந்திருக்கிறது.

சிடியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். அதைப் போட்டுப் பார்க்க என் லேப்டாப்பில் வழியில்லை. லாமிங்டன் ரோட்டுக்குப் போய் வெளியே சொருகுகிற டிரைவ் ஒன்று வாங்கினேன். உள்ளே 412 கோப்புகள். 2003இலிருந்து 2008வரை நான் எழுதியதும் மொழிபெயர்த்ததும் எல்லாம் ஒரே குவியல். ஒன்றைத் திறந்தேன். ஐரோப்பிய எழுத்துக்களுக்குத் தலையில் கொம்பும் அடியில் வாலும் முளைத்தது போலத் திரை முழுக்கக் குப்பை. இன்னொன்றைத் திறந்தேன். அதே குப்பை.

பெயரைப் பார்த்துத் தேடலாமே என்பீர்கள். 'கட்டுரை கடைசி', 'கடைசி 2', 'நிஜமாகவே கடைசி', 'தாராவி புது', 'புது புது' என்றெல்லாம் பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். எதற்குள் எது இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 412ஐயும் படிக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்துதான் தேட வேண்டும்.

இந்தக் குப்பை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது என் ஒருத்தியின் கதை அல்ல. அந்தக் காலத்தில் தமிழில் டைப் செய்து வைத்தவர்கள் எல்லாருடைய வீட்டிலும் இப்படி ஒரு சிடியோ ஃபிளாப்பியோ கிடக்கும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'க' என்று நாம் பார்ப்பது அதற்கு ஓர் எண். எந்த எண் எந்த எழுத்துக்கு என்பதில் ஊருக்கு ஊர் ஒற்றுமை வேண்டும். தமிழில் அது இருக்கவில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டார்கள். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இஸ்கி என்ற தரத்தை அரசு 1991இல் வெளியிட்டிருந்தது. தமிழ் டைப் செய்த வீடுகளிலும் அச்சகங்களிலும் அதை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. இதற்கு நடுவில் சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவியிருந்த தமிழர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி டிஸ்கி என்ற இன்னொரு முறையை உருவாக்கியிருந்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகியவற்றின் வழியாக அது பலருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது. மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்த என் கம்ப்யூட்டருக்குள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், இவை எதுவும் இல்லாமலே தப்பித்திருக்கலாம். யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. 2000இல் வந்த விண்டோஸில் லதா என்ற யூனிகோடு எழுத்துரு கூடவே வந்தது. மும்பையில் எழுத்துக்கலை கற்பித்த ஆர்.கே. ஜோஷியின் மேற்பார்வையில் உருவான எழுத்துரு அது. நான் குடியிருக்கும் ஊரிலேயே மருந்து தயாராகியிருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒத்துக்கொள்ளாது, அச்சகம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி எல்லோரும் பழையதிலேயே காலம் தள்ளினோம். தமிழக அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010இல்.

டிஸ்கிக்கும் யூனிகோடுக்கும் வித்தியாசம் எண்களில் மட்டும் இல்லை. டிஸ்கி கண்ணால் பார்க்கும் வரிசையில் போகும். 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு வாயால் சொல்லும் வரிசையில் போகும். முதலில் க, அதன்மேல் ஒகரம். ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது; கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் போட வேண்டும். இதைச் செய்துகொடுக்கும் மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கம் பழையதை ஒட்டினால் மறுபக்கம் புதியது வரும்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். திற, எல்லாவற்றையும் தேர்ந்தெடு, நகலெடு, ஒட்டு, மாற்று, நகலெடு, ஒட்டு, பெயர் கொடு, சேமி. ஒரு கோப்புக்கு ஒன்பது வேலை. முதல் நாள் ராத்திரி 31 முடித்தேன். இரண்டாம் நாள் பார்த்தால், புனேயில் நடந்த ஒரு கருத்தரங்கு பற்றிய கட்டுரைக்குள் மாதுங்கா பூக்கடைக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் எதையோ எதிலோ ஒட்டியிருக்கிறேன்.

தம்பிக்குப் போன் செய்து, இன்னும் பத்துப் பதினைந்து நாளாகும் என்றேன். விவரம் கேட்டார். பாந்திரா-குர்லா வளாகத்தில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலையாம் அவருக்கு. "அரே, ஒவ்வொண்ணா செய்யறீங்களா? அது ஒத்த லைன் வேலைக்கா" என்றார்.

நான் இருப்பது செம்பூர், அவர் இருப்பது தாராவி. இரண்டுக்கும் நடுவில் மாதுங்கா. ஞாயிற்றுக்கிழமை காலை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். கூட்ட நேரத்தில் இரண்டு காபிக்கு ஒரு மேஜையை ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்வது மாதுங்காவில் மன்னிக்க முடியாத குற்றம். சர்வர் மூன்று முறை மேஜையைத் துடைத்தார். நான்காவது முறை இட்லி சொன்னோம்.

தம்பியின் லேப்டாப்பில் லினக்ஸ். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அம்புக்குறி கிடையாது, படம் கிடையாது, நாம் டைப் செய்வதுதான் கட்டளை. அதை வாங்கிப் படித்து உள்ளே சொல்கிற நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஓடு என்றோ சிரட்டை என்றோ வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பருப்பை நாம் நேரே தொடுவதில்லை, ஓட்டோடுதான் நமக்குப் பேச்சு.

கோப்பின் குறியீட்டை மாற்ற அதிலேயே ஐகான்வ் என்று ஒரு கருவி இருக்கிறது. அதற்கு டிஸ்கி தெரியும் என்பது எனக்கு ஆச்சரியம். யாரோ ஒரு புண்ணியவான் தமிழையும் நினைவில் வைத்து அதில் எழுதிச் சேர்த்திருக்கிறார். ஆனால் நாங்கள் செய்யப்போகிற வேலைக்கு அதனிடம் ஒரு தடவைக்கு ஒரு கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். 412 தடவை சொல்வது யார்?

அங்கேதான் அந்த ஒற்றை வரி வருகிறது. தட்டில் வந்த இட்லியைக் காட்டியே தம்பி விளக்கினார். தாராவியில் விடியற்காலையில் இட்லி ஊற்றி நகரம் முழுக்க அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. "எங்க சந்துலயும் ஊத்துறாங்க. இந்தக் குழியில ஊத்து, அடுத்த குழியில ஊத்துன்னு யாராச்சும் சொல்லிக்கிட்டே இருப்பாங்களா? தட்டுல எத்தனை குழி இருக்கோ அத்தனைக்கும் ஒரு கரண்டி. அவ்ளோதான்."

ஃபார் என்று ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு நாமே வைக்கும் ஒரு பெயர். பிறகு இன், அதையடுத்து கோப்புகளின் பட்டியல். பட்டியலை நாம் எழுத வேண்டாம், ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் ஷெல்லே வரிசைப்படுத்திக்கொள்ளும். பிறகு டூ, செய்ய வேண்டிய கட்டளை, கடைசியில் டன். தமிழில் சொன்னால்: 'இங்கே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும், செய்: அதை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, அதே பெயரில் புது ஃபோல்டரில் வை. முடிந்தது.'

நடுவில் வரும் 'அதை' என்பதுதான் இதன் உயிர். கட்டளைக்குள் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் டாலர் குறி போட்டு நாம் வைத்த பெயரை எழுதுகிறோம். முதல் சுற்றில் அது முதல் கோப்பைக் குறிக்கும், அடுத்த சுற்றில் அடுத்ததை. எம்.ஏ. வகுப்பில் சுட்டுப்பெயர் என்று படித்தது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். 'அது' என்ற சொல்லுக்குச் சொந்தமாக ஒரு பொருளும் கிடையாது. எதைச் சுட்டுகிறதோ அதுவாகிவிடும்.

இந்த வடிவம் ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் பழையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. அவர் அல்கால் 68 என்ற கணினி மொழியில் ஊறியவர். அதில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சொல்லால் திறந்தோமோ அந்தச் சொல்லை எழுத்து மாற்றித் திருப்பிப் போட்டு மூடுவது. இஃப் என்று ஆரம்பித்தால் ஃபி என்று முடிப்பது. நம் சித்திரகவிக்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். போர்னும் அதையே தன் ஷெல்லில் கொண்டுவந்தார். ஆனால் டூ என்பதைத் திருப்பினால் ஓடி. அந்தப் பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே வேறொரு கட்டளை இருந்தது. அதனால்தான் அங்கே மட்டும் டன்.

தம்பி இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். ஒன்று, டாலர் குறியோடு வரும் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தே தீர வேண்டும் என்பது. என் கோப்புப் பெயர்களில் நடுவில் இடைவெளி இருக்கிறது. மேற்கோள் இல்லாவிட்டால் 'நிஜமாகவே கடைசி' என்ற ஒரு கோப்பை ஷெல் இரண்டாகப் பிரித்து, 'நிஜமாகவே' என்று ஒன்றையும் 'கடைசி' என்று ஒன்றையும் தேடப் போய்விடும். நன்னூலில் பொதுமொழி என்று ஒன்று வருமே, 'எட்டு' என்பதை ஒரே சொல்லாகவும் கொள்ளலாம், 'எள் து' என்று பிரித்தும் கொள்ளலாம் என்பார்களே! இடம் பார்த்துப் புரிந்துகொள்ள ஷெல்லுக்குத் தெரியாது. இடைவெளி கண்டால் வெட்டுவதுதான் அதன் தர்மம்.

இரண்டாவது, ஒத்திகை. நிஜக் கட்டளையைக் கொடுப்பதற்கு முன் அதே வரியில் எக்கோ என்ற சொல்லைச் சேர்த்து ஓடவிட்டார். எக்கோ எதையும் செய்யாது; என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் திரையில் எழுதிக் காட்டும். 412 வரிகள் ஓடின. மேலே நாலு, கீழே நாலு, நடுவில் நாலு என்று படித்துப் பார்த்தோம். அப்புறம் எக்கோவை எடுத்துவிட்டு என்டர் தட்டினார். நான் காபி டம்ளரை எடுத்து உதட்டில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு ராத்திரி விழித்து 31ஐ முடித்தவளுக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். என் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அதில் 58 கோப்புகள். தம்பி என் லேப்டாப்பிலும் லினக்ஸ் போட்டுக்கொடுத்திருந்தார். வரியை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இதற்கு எதற்கு இன்னொரு ஆள் என்று செம்பூரில் ராத்திரி பதினொரு மணிக்கு நானே உட்கார்ந்தேன். டைப் செய்யும்போது புது ஃபோல்டரின் பெயரை விட்டுவிட்டேன். எந்தக் கோப்பைப் படிக்க வேண்டுமோ அதே கோப்பில் எழுது என்று ஆகிவிட்டது. ஒத்திகை? அதெல்லாம் தெரியாதவர்களுக்குத்தானே!

அதே கோப்பில் எழுதினால் பழையது போய்ப் புதியது வரும், அதனால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஷெல்லின் வரிசை வேறு. எழுத வேண்டிய கோப்பை அது முதலில் திறந்து காலி செய்து வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மாற்றும் கருவியைக் கூப்பிடும். கருவி வந்து பார்த்தால் படிக்க ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததாக மாற்றி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. கண் இமைப்பதற்குள் 58 கோப்புகளும் பூஜ்யம். என் கையால் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் ஒன்றில் கெட்டதும் நிறுத்தியிருப்பேன்.

47 கோப்புகள் சிடியிலும் இருந்தன. சிடியில் யாராலும் மேலெழுத முடியாது என்பதால் அவை பிழைத்தன. 11 போனது போனதுதான். அவற்றில் நான்கு பழைய இதழ்களில் அச்சாகியிருக்கின்றன. மீதி ஏழும் அச்சேறாத மொழிபெயர்ப்புகள், மராத்தியிலிருந்து செய்தவை. இன்னொரு முறை உட்கார்ந்து செய்யலாம். செய்வேனா என்று தெரியவில்லை.

மறுநாள் தம்பியிடம் சொன்னேன். திட்டவில்லை. இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்று ஷெல்லிடம் முதலிலேயே சொல்லி வைக்க ஒரு வழி இருக்கிறதாம், நோக்ளாபர் என்று பெயராம். "நா அத சொல்லியிருக்கணும்க்கா" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

மாதுங்காவில் மாற்றிய 412க்கு வருகிறேன். வேலை சரியாக நடந்ததா என்று எப்படித் தெரியும்? 412ஐயும் திறந்து பார்ப்பதென்றால் பழைய கதைதான். தம்பி அளவைப் பார்க்கச் சொன்னார். டிஸ்கியில் ஓர் எழுத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பைட் வரை ஆகும். இப்போது புழங்கும் யூனிகோடு வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆகவே புதிய கோப்பு பழையதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பருத்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கவும் ஒரு ஃபார்-டன் வரி. 389 கோப்புகள் பருத்திருந்தன. 23 கோப்புகள் ஒரு பைட்கூட மாறாமல் அப்படியே இருந்தன.

திறந்து பார்த்தால் இவற்றில் இருந்தது வேறு மாதிரிக் குப்பை. கொம்பும் வாலும் இல்லாத சாதாரண ஆங்கில எழுத்துக்கள், இடையிடையே அரைப்புள்ளிகள். பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டுப்போன சமயங்களில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து அடித்தவை. அங்கே இருந்தது பாமினி. ஆங்கில எழுத்தின் எண்களுக்கே தமிழ் உருவத்தைச் சட்டையாகப் போட்டுவிட்ட எழுத்துரு அது. டிஸ்கியிலும் ஆங்கில எழுத்துக்களுக்கு அதே எண்கள்தான். ஆகவே கருவி பார்த்தது, 'இது ஆங்கிலம், இதில் மாற்ற ஒன்றுமில்லை' என்று அப்படியே விட்டுவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

389இல் தாத்தா இல்லை. தேடிவிட்டேன். பதனிடும் பட்டறைகளுக்கு உயிர் கொடுத்தது பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம். 1970களின் தொடக்கத்தில் அது தேவனாருக்கு மாறியது. அதைப் பற்றிப் பேசாமல் எந்தப் பெரியவரும் பேட்டியை முடிக்கவில்லை. ஆகவே 'தேவனார்' என்று தேடினால் மாட்ட வேண்டும். ஆறு கோப்புகள் மாட்டின. எல்லாம் மற்றவர்கள் பேசியவை.

23ஐயும் பாமினி தெரிந்த வேறொரு மாற்றியிடம் கொடுத்தோம், மறுபடியும் அதே ஒற்றை வரியில். இந்த முறை தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தில் தம்பியின் வீட்டில். கதவில் அந்த எண் இருந்தது. அம்மா டீ கொடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் வந்துவிட்டது, படிக்க முடிந்தது. 'தேவனார்' என்று தேடினோம். ஒன்றுமில்லை.

அம்மா உள்ளே போய்விட்டார்.

ஒரு கோப்பைச் சும்மா திறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். 'அவர்' என்ற சொல் ஒரு மாதிரி நொண்டியது. உற்றுப் பார்த்தால் ர் இருக்க வேண்டிய இடத்தில் கால். காலின் மேல் புள்ளி. பாமினியில் காலுக்கும் ரகரத்துக்கும் தனித்தனி விசை உண்டு. ஆனால் புள்ளி வைத்த பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது கைக்கு எளிதோ அதை அடித்துவிடுவோம். அச்சில் வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது வேறு எண், வேறு சொல். அந்த 23 கோப்புகளில் நான் எழுதிய ஒரு 'தேவனார்'கூட உண்மையில் தேவனார் இல்லை.

தமிழில் காலின் மேல் புள்ளி வரவே வராது. உயிர்க்குறி ஏறிய பிறகு புள்ளிக்கு அங்கே வேலையில்லை. ஆகவே கால்-புள்ளி எங்கே வந்தாலும் அது ர்தான், சந்தேகமே வேண்டாம். நான் இலக்கணத்தைச் சொன்னேன், தம்பி அதை வரியாக்கினார். ஒவ்வொரு கோப்பிலும் கால்-புள்ளி வருமிடமெல்லாம் ர் போட்டு இன்னொரு புது ஃபோல்டரில் வை. எக்கோ போட்டு ஒத்திகை பார்த்தோம். இந்த முறை நான்தான் வற்புறுத்தினேன். படித்த படிப்பு ஒரு கறுப்புத் திரையில் உதவும் என்று என் பேராசிரியர்கள் யாரும் சொன்னதில்லை.

மறுபடியும் 'தேவனார்'. மூன்று கோப்புகள். இரண்டாவதைத் திறந்ததும், "இது தாத்தாதான்" என்றார் தம்பி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதும், அண்ணனோடு ரயிலேறியதும், சியானில் இறங்கி வழி கேட்டதும் இருந்தன. "அம்மா, இங்க வா" என்று கூப்பிட்டு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் போனதும் வேகம் குறைந்தது.

"தாத்தா இப்படிப் பேச மாட்டாரேக்கா."

உண்மைதான். 'நான் அந்நாளில் மிகுந்த இன்னல்களுக்கு ஆளானேன்' என்று எந்தத் திருநெல்வேலிக்காரர் பேசுவார்? நான் பேச வைத்திருக்கிறேன். எம்.ஏ. முடித்த சூட்டில் இருந்தேன். கொச்சையை நீக்குவதுதான் பத்திரிகைத் தமிழ் என்று யாரும் சொல்லாமலே எனக்குள் ஒரு நினைப்பு. நாடாவைக் கேட்டுக்கொண்டே, வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் பேச்சைத் திருத்தித் திருத்தி என் தமிழாக டைப் செய்திருக்கிறேன். அதைத் திரும்பக் கொண்டுவர எந்த வரியும் கிடையாது. நாடா இருந்திருந்தால் கேட்டு எழுதியிருக்கலாம்.

அம்மா மட்டும், "வாசிலே, கத அவுக கததான?" என்றார்.

கடைசிப் பக்கத்தின் அடியில், கட்டுரையில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்காக நான் குறித்து வைத்திருந்த இரண்டு வரி பிறைக்குறிக்குள் இருந்தது. அவசரத்தில் திருத்தாமல் விட்டிருக்கிறேன். ('தோலு நாறுதுன்னு மூக்கப் பொத்துறவன, செருப்பக் கழத்திப் போட்டுட்டு வந்து பேசச் சொல்லும்மா' – இது கடுமையாக இருக்குமோ?)

தம்பி அதை இரண்டு முறை வாசித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது மாமாதான். இது மாமாவேதான்" என்றார். பிறகு பென் டிரைவை எடுத்து வரச் சொன்னார்.